முதல் வாய் மேற்கிளைக்கு

மலையடிவாரத்தில் ஒரு முள்காடு. காட்டை ஒட்டி ஒரு குளம். குளக்கரையில் ஓர் இலுப்பை மரம். அந்த மரத்தடியில் ஒரு தவிட்டுக்குருவிக் குடும்பம் பிழைத்துவந்தது.

தவிட்டுக்குருவி அழகில் சேர்த்தி இல்லை. நிறம் மண்நிறம். குரல் கரகரப்பு. பறப்பதும் அரைகுறைதான். ஆனால் ஒன்றைத் தனியாகப் பார்க்க முடியாது. சருகைப் புரட்டினாலும் கூட்டமாகப் புரட்டும். சண்டை போட்டாலும் கூட்டமாகவே போடும்.

குனிந்து சருகைப் புரட்டுகிறவனுக்கு வானம் தெரியாது. அதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு முறை இருந்தது. மற்றவர்கள் கீழே இரை தேடும்போது ஒருவர் இலுப்பையின் மேற்கிளையில் உட்கார்ந்து காவல் இருப்பார். அவர் இரை தேடக் கூடாது. வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். வல்லூறு வந்தால், "சீக்! சீக்!" என்று கத்த வேண்டும். கத்தியதும் எல்லோரும் பக்கத்துக் காரைப் புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள். அந்த முள்ளுக்குள் வல்லூறு இறக்கையை நுழைக்காது.

காவல் இருப்பவர் பட்டினி கிடக்க வேண்டுமா? வேண்டாம். கீழே அன்று யாருக்கு முதலில் இரை கிடைத்தாலும் அதை விழுங்கக் கூடாது. மேலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "முதல் வாய் மேற்கிளைக்கு!" என்பது அவர்கள் சட்டம். வாங்கியவர் அதைத் தின்னும் முன் ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மேற்கிளைக்கும் மேலே ஒருவர் காவல் இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

பொழுது சாயும்போது இன்னொரு முறை. குடும்பத்தில் ஒருவர் காரைப் புதரின் தாழ்ந்த கிளைக்குப் போய், "ஒண்டு, ஒண்டு, ஒண்டு!" என்று கூப்பிடுவார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைப்பார். எல்லோரும் வந்து ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார வேண்டும். சின்னது நடுவில், பெரியவர் ஓரத்தில். பிறகு, இன்று எனக்கு இது கிடைத்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று போதும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, "மேற்கிளைக்கு நன்றி! அதற்கும் மேலே இருப்பவருக்கு நன்றி!" என்பார்கள். அதற்குப் பிறகுதான் தூக்கம்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் மேற்கிளையில் இருந்தவன் பஞ்சி என்பவளின் கணவன். வல்லூறு குளத்துப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது. அவன் பார்த்துவிட்டான். கத்தினான். கீழே இருந்த அத்தனை பேரும் புதருக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அவன் வந்து சேரவில்லை.

பஞ்சி அப்போது கூட்டில் ஒற்றை முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலமும் வரிசை கூடியது. யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் பஞ்சியின் அண்ணன் மொட்டையன் மெல்லச் சொன்னான்: "இன்னைக்கு எனக்கு உயிர் கிடைச்சது." அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசை முழுக்க அதையே சொன்னது.

அதற்குப் பிறகு மேற்கிளை என்றாலே எல்லோருக்கும் கால் நடுங்கியது. "இன்னைக்கு நீ போ", "நேத்து நான்தானே போனேன்" என்று தள்ளிவிட்டார்கள். புரட்டாசி வந்தது. முட்டை பொரித்துக் குஞ்சும் வந்தது. மேற்கிளைச் சண்டை மட்டும் ஓயவில்லை.

இதையெல்லாம் ஒரு கரிச்சான் பார்த்துக்கொண்டிருந்தது. கன்னங்கரேலென்ற உடம்பு. கத்தரிக்கோல் மாதிரிப் பிளந்த வால். எந்தப் பறவையின் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக்காட்டும்.

"என்ன பெரியவரே, மேலே ஏற ஆள் இல்லையோ?" என்று அது மொட்டையனைக் கேட்டது.

"அது எங்க வீட்டு விவகாரம்!" என்றான் மொட்டையன்.

"கோபப்படாதீங்க. நான் எப்படியும் நாள் முழுக்க உச்சிக்கொம்பிலேதான் உட்கார்ந்திருக்கேன். வல்லூறு முதுகிலேயே ஏறிக் கொத்தினவன் நான்! காவலை என்கிட்ட விடுங்க. அந்த முதல் வாயை எனக்குக் கொடுத்தாப் போதும். உங்க வீட்டிலே இனி யாரும் சாக வேண்டாம்."

மொட்டையன் யோசித்தான். பஞ்சி குறுக்கே வந்தாள். "அண்ணே, வேண்டாம். மேற்கிளை நம்ம முறை. வெளியாள்கிட்ட விடறதா?"

மொட்டையனின் மனைவி சிலுப்பி இறகைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நீ சொல்லிடுவே! உன் புருஷன் போன மாதிரி என் புருஷனும் போகணுமா?"

சிலுப்பி பொல்லாதவள் இல்லை. பயந்துபோனவள். மொட்டையனும், "சரி, நீயே காவல் இரு" என்று கரிச்சானிடம் சொல்லிவிட்டான்.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் உண்மையாகவே வல்லூறு வந்தது. கரிச்சான் தவிட்டுக்குருவியின் குரலிலேயே, "சீக்! சீக்!" என்று கத்தியது. எல்லோரும் தப்பினார்கள். "பார்த்தியா!" என்று சிலுப்பி பஞ்சியைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் வரிசையில் நன்றி சொல்லும் இடம் வந்தது. மொட்டையனுக்கு மூன்று தம்பிமார். அதில் கடைக்குட்டி கேட்டான்: "மேற்கிளைக்கு நன்றின்னா யாருக்கு? கரிச்சான் கூலியை வாங்கிட்டுத் தன் பனைமரத்துக்குத் தூங்கப் போயிட்டான். கூலியும் கொடுத்து நன்றியும் கொடுப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்று நன்றி சொல்லவில்லை.

நன்றி இல்லையென்றால், கிடைத்ததை எதற்குச் சொல்வது? மறுநாள் அதுவும் நின்றது. சொல்ல எதுவும் இல்லையென்றால் எதற்கு ஒட்டி உட்கார வேண்டும்? "மதினி இறக்கை என்னை இடிக்குது" என்றான் ஒரு தம்பி. "நீ மட்டும் என்ன, தூக்கத்திலே உதைக்கிறே!" என்றாள் சிலுப்பி. ஆளுக்கு ஒரு கிளை பார்த்துக்கொண்டார்கள்.

பஞ்சி மட்டும் விடவில்லை. கூட்டை விட்டு இறங்கிய குஞ்சை நாள்தோறும் காரைப் புதருக்குக் கூட்டிப்போவாள். பழைய கிளையில் பழைய இடத்தில் உட்காருவாள். "ஒண்டு, ஒண்டு, ஒண்டு!" என்று மெதுவாக அழைப்பாள். குஞ்சு தவிர யாரும் வருவதில்லை. அப்படியும் வீட்டில் உள்ளவர்கள் பெயரை ஒன்று விடாமல் சொல்வாள்.

குஞ்சுக்கு இன்னும் வால் முளைக்கவில்லை. பறக்கத் தெரியாது, தத்தத் தெரியும். ஆனால் கேள்வி கேட்கத் தெரியும்.

"யாரும் வரலையே அம்மா? ஏன் கூப்பிடறே?"

"வந்தா அவங்க இடம் காலியா இருக்கணும் இல்லையா? நீ சொல்லு. இன்னைக்கு உனக்கு என்ன கிடைச்சது?"

"தம்பலப்பூச்சி கிடைச்சது! சிவப்பா, பட்டு மாதிரி இருந்தது. நான் தின்னலை. சும்மா பார்த்தேன்."

"நல்லது. எனக்கு நனைஞ்ச மண் வாசனை கிடைச்சது. அடுத்த மழை கிட்ட வந்தாச்சு."

இரண்டு பேரும் நன்றி சொல்லிவிட்டுத் தூங்குவார்கள்.

ஐப்பசி பிறந்தது. மழை இறங்கியது. வெயிலின் கொடுமை போயிற்று. புல் தலைதூக்கியது. புதர்மேல் செங்காந்தள் பூத்தது. குளத்தின்மேல் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. ஈரச் சருகுக்குள் வாய் நிறைய இரை இருந்தது.

இரை பெருகியதும் கரிச்சானின் புத்தியும் பெருகியது.

ஒரு காலையில் சிலுப்பி மண்ணுக்குள்ளிருந்து கொழுத்த பிள்ளைப்பூச்சி ஒன்றை இழுத்தாள். "சீக்! சீக்!" என்று மேலே சத்தம் கேட்டது. பூச்சியைப் போட்டுவிட்டுப் புதருக்குள் ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் பிள்ளைப்பூச்சி இல்லை. கரிச்சான் கிளையில் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் கடைக்குட்டியின் மண்புழு போயிற்று. சாயங்காலம் மொட்டையனின் வெட்டுக்கிளி போயிற்று.

"அண்ணே, நான் அண்ணாந்து பார்த்தேன். வானத்திலே ஒரு காக்காகூட இல்லை" என்றாள் பஞ்சி.

மொட்டையன் கரிச்சானிடம் கேட்டான். அது அசரவில்லை. "தூரத்திலே வல்லூறு மாதிரித் தெரிஞ்சது, பெரியவரே. வராமப் போனா நல்லதுதானே? வந்திருக்கணும்னு ஆசைப்படறீங்களா?"

நாள் போகப்போகக் கரிச்சான் கத்துவதும் கூடியது. குடும்பத்தில் எல்லோரும் இளைத்தார்கள். கடைசியில் மொட்டையன் ஒரு வழி கண்டுபிடித்தான். "அவன் கத்தினா யாரும் காதிலே வாங்காதீங்க. தின்னுக்கிட்டே இருங்க."

"அப்போ காவலுக்கு யாரு அண்ணே?" என்றாள் பஞ்சி.

"அதான் கரிச்சான் மேலே இருக்கானே!"

"அவன் கத்தினாக் கேக்காதீங்கன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"ஆமா."

"அப்போ காவலுக்கு யாரு?"

"தொணதொணக்காதே, போ! எனக்குத் தலை வலிக்குது" என்றான் மொட்டையன்.

பஞ்சி திரும்பிப் பார்த்தாள். குஞ்சு வெட்டவெளியில் ஒரு தட்டானைத் துரத்திக்கொண்டிருந்தது. முக்கால் வழி தத்தும். கால் வழி விழும். வல்லூறு வந்தால் முதலில் அதற்குத்தான் ஆபத்து. மற்றவர்களாவது அரைகுறையாகப் பறப்பார்கள்.

அன்றே பஞ்சி மேற்கிளைக்கு ஏறினாள்.

கணவன் உட்கார்ந்திருந்த அதே இடம். அவன் நகம் பட்டுத் தேய்ந்த தடம் பட்டையில் இருந்தது. அவள் கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று கிளையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள். 'நான் இவங்களைப் பார்த்துக்கறேன். என்னை நீ பார்த்துக்கோ' என்று மனசுக்குள் சொன்னாள். பிறகு கண்ணை வானத்தைவிட்டு எடுக்கவில்லை.

முதல் வாய் கரிச்சானுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. விடியும் முன்னே இறங்கி, கிடைத்ததைக் கொறித்துக்கொண்டு, வெளிச்சம் வரும்போது மேலே வந்துவிடுவாள். மழை பெய்தால் நனைந்தாள்.

அடுத்த கொம்பிலிருந்து கரிச்சான் சிரித்தது. "என்ன தாயி, கூலி இல்லாத காவலா? யாருக்காக?"

"வீட்டுக்காக."

"வீட்டிலே ஒருத்தராவது உன்னை நிமிர்ந்து பார்க்கிறாங்களா?"

"அவங்க நிமிர வேண்டாம்னுதான் நான் மேலே இருக்கேன்" என்றாள் பஞ்சி.

கீழே சிலுப்பியும் சும்மா இருக்கவில்லை. "மகாராணி கொலுவிலே இருக்காங்க! நமக்குத்தான் மண்ணைக் கிளற விதி!" என்று உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு கம்பளிப்பூச்சியைக் கல்லில் தேய்த்து, மயிரை நீக்கி, குஞ்சின் வாயில் போட்டாள். மேலே இருந்தவள் அதைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் பஞ்சி தனக்குக் கிடைத்ததாக அதையே சொன்னாள்.

ஒரு நாள் பகல் முழுக்க மழை கொட்டியது. சாயங்காலம் பட்டென்று நின்றது. மேற்கே மேகம் விலகி மஞ்சள் வெயில் அடித்தது. குளக்கரையில் வெட்டவெளியின் நடுவே ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் வாய் அசைந்தது. ஓர் ஈசல் எட்டிப் பார்த்தது. பின்னால் ஒன்று. அதன் பின்னால் ஆயிரம்!

"ஈசல்! ஈசல்!" என்று கடைக்குட்டி கூவினான்.

வருஷத்தில் ஒரு தடவை வரும் விருந்து. குடும்பம் முழுக்கப் புற்றைச் சுற்றிக்கொண்டது. வெளிச்சத்தில் ஈசல் இறக்கைகள் பளபளத்தன. கொத்திய பக்கமெல்லாம் வெண்ணெய் மாதிரி இரை. சிலுப்பி சண்டையை மறந்தாள். மொட்டையன் தலைவலியை மறந்தான். குஞ்சு வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றது. ஈசல் தானாகவே வந்து விழுந்தது.

பஞ்சிக்கு வயிறு சுண்டியது. காலையில் ஒரு புல்விதை தின்றதுதான். ஈசல் ஒன்று அவள் மூக்கருகில் பறந்து போயிற்று. அவள் திரும்பவில்லை. எல்லோரும் குனிந்திருக்கும் நேரத்தில் ஒருத்தியாவது நிமிர்ந்திருக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் அவள் கண்ணில் பட்டது. மலைச்சரிவில் ஒரு சாம்பல் புள்ளி. அது காற்றில் ஆடவில்லை. நேராக வந்துகொண்டிருந்தது.

"சீக்! சீக்!" என்று பஞ்சி கத்தினாள்.

கீழே யாரும் அசையவில்லை.

கரிச்சானும் ஈசல் பிடிப்பதில்தான் இருந்தது. அவள் சத்தம் கேட்டுத் திரும்பியது. வல்லூறைப் பார்த்தது. "சீக்! சீக்!" என்று அதுவும் உண்மையாகவே கத்தியது.

மொட்டையன் வாய் நிறைய ஈசலோடு சிரித்தான். "கத்துடா கத்து! இன்னைக்கு நாங்க ஏமாற மாட்டோம்!"

"சீக்! சீக்! அண்ணே, நான் பஞ்சி! சீக்!"

"இவன் இப்போ பஞ்சி மாதிரியும் பேசறான் பாரு!" என்றான் கடைக்குட்டி.

வல்லூறு குளத்தின் அந்தக் கரைக்கு வந்துவிட்டது. தண்ணீரை ஒட்டித் தாழ்ந்தது. குஞ்சு புற்றின் மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தது.

பறந்துபோய் அதை மூடிக்கொள்ளலாமா? ஒன்றை மூடலாம். மற்றவர்கள்? என்ன கத்தினாலும் அது கரிச்சானின் குரல் என்பார்கள். அவளுடைய கூச்சல் முழுவதையும் அது திருடிவிட்டது.

கரிச்சான் திருடாத சத்தம் ஒன்று இருந்தது. அது பனைமரத்தில் தூங்குகிறது. காரைப் புதருக்குள் நடப்பதை அது கேட்டதே இல்லை.

பஞ்சி கிளையிலிருந்து விழுகிற மாதிரி இறங்கினாள். காரைப் புதருக்குள் பாய்ந்தாள். பழைய கிளையில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ஒண்டு, ஒண்டு, ஒண்டு! குஞ்சே வா! சிலுப்பி மதினி வாங்க! தம்பிகளா வாங்க! மொட்டையன் அண்ணே, ஓரத்துக்கு வாங்க! ஒண்டு, ஒண்டு, ஒண்டு!"

முதலில் குஞ்சு ஓடி வந்தது. இந்தக் கூப்பாட்டுக்கு அது ஒரு நாளும் தாமதித்ததில்லை. சிலுப்பி, "இப்பவா? ஈசலை விட்டுட்டா?" என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே கால் ஓடிவந்தது. முட்டையைவிட்டு வெளியே வந்த நாளாகக் கேட்ட குரல் அது. தம்பிமார் மூன்று பேரும் யோசிக்கும் முன்பே புதருக்குள் இருந்தார்கள். மொட்டையனுக்கு வாய் நிறைய ஈசல். ஆனாலும் ஓரத்தில் அவன் இல்லையென்றால் வரிசைக்குச் சுவர் ஏது? கடைசியாக அவனும் உள்ளே விழுந்தான்.

அவன் வால் உள்ளே நுழைந்ததும் வெளியே புற்றின்மேல் ஒரு நிழல் மோதியது. ஈசல் இறக்கைகள் நாலாபக்கமும் சிதறின. வல்லூறின் நகம் வெறும் மண்ணைக் கீறியது.



வல்லூறு கோபத்தோடு எழும்பியது. எதிரில் கரிச்சான். வயிறு முட்டத் தின்றிருந்ததால் சட்டென்று திரும்ப முடியவில்லை. முதுகில் ஏறிக் கொத்தின வீரன், "ஐயோ!" என்று அலறினான். வல்லூறின் பிடியில் பிளந்த வாலின் ஒரு பாதி சிக்கியது. அதைக் கொடுத்துவிட்டு மீதி உடம்போடு கரிச்சான் பறந்தது. அந்தக் குளக்கரைப் பக்கம் அது மறுபடி வரவில்லை.

வல்லூறும் மலைப்பக்கம் போய் மறைந்தது. அப்போதுதான் எல்லோரும் தாங்கள் இருந்த இருப்பைக் கவனித்தார்கள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சு நடுவில். மொட்டையன் ஓரத்தில். யாருடைய இடமும் தவறவில்லை.

"பஞ்சி, இந்த இடத்தை எங்களுக்காக இத்தனை நாளும் விட்டுவச்சிருந்தியா?" என்று சிலுப்பி கேட்டாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும், மதினி. வேளைதான் தெரியாது."

சிலுப்பி இறகைச் சிலிர்க்கவில்லை. பஞ்சியின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. புற்றடியில் இறக்கை உதிர்ந்த ஈசல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. மொட்டையன் எழுந்தான். பஞ்சியைப் பார்த்து, மேலே போ என்று தலையை ஆட்டினான். அவள் மேற்கிளைக்குப் போனாள். அவன் புற்றடியில் தேடித் தேடி ஒரு கொழுத்த ஈசலை எடுத்தான். விழுங்கவில்லை. அவனும் அரைகுறையாகப் பறக்கிறவன்தான். இரண்டு கிளையில் முட்டி, ஒரு கிளையில் வழுக்கி, மேலே வந்து சேர்ந்தான்.

ஈசலை அவள் முன்னால் வைத்தான்.

"முதல் வாய் மேற்கிளைக்கு" என்றான். "நாளையிலிருந்து முறை என்னுது. எனக்கும் கால் நடுங்கத்தான் செய்யும். பரவாயில்லை."

பஞ்சி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஈசலைத் தின்றாள். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு ருசியாக ஒன்றைத் தின்றதில்லை.

கீழே காரைப் புதருக்குள்ளிருந்து குஞ்சின் குரல் கேட்டது. "மாமா! அம்மா! ஒண்டு, ஒண்டு, ஒண்டு! எனக்கு இன்னைக்கு நிறையக் கிடைச்சது, சொல்லணும்! சீக்கிரம் வாங்க!"

நாள்தோறும் கூடி நன்றி சொல்லிப் பழகிய குடும்பத்தை, ஆபத்து வரும் நாளில் அந்தப் பழக்கமே காப்பாற்றும்.